பத்தொன்பது பேர் தொடர்பிலிருந்து விலகினர்

மார்ச் 14, வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொரு மணி. என் மனைவியின் உயிரைப் பற்றி ஒரு மருத்துவ ஆய்வு நிறுவனத்திடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்விக்கு விடை தங்களிடம் இல்லை என்பதை முன்பே முறைப்படி அறிவித்துவிட்டதாகக் கூறி, என்னை நாற்காலியில் அமரவைத்து, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இதுவே என் முறையீடு. தேநீரில் குறையொன்றும் இல்லை.

நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

என் மனைவிக்கு அறுபத்துநான்கு வயது. இதயத்துடிப்பு சீராக இல்லை என்று கண்டறிந்த மருத்துவர், பிப்ரவரித் தொடக்கத்தில் அவளுக்கு ஒரு புதிய மாத்திரையைத் தொடங்கினார். நாள்தோறும் காலையில் ஒன்று. ஏப்ரல் முதல் நாளிலிருந்து இரண்டு. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அவள் குவளையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குவளை நிறைந்தது. தண்ணீர் மேசையில் பரவியது, விளிம்பில் வழிந்தது, அவள் பாதங்களின்மேல் விழுந்தது. அவள் ஊற்றிக்கொண்டே நின்றாள். கண்கள் திறந்திருந்தன. நான் அழைத்தேன். அசைவில்லை. ஏனென்று தெரியாமலேயே மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன். பதினொன்று எண்ணியபோது அவள் திரும்பி, "என்னங்க, எதுக்கு இப்படிக் கத்துறீங்க?" என்றாள். அதன்பிறகுதான் தன் காலடியைப் பார்த்தாள்.

இரண்டாம் முறை வாசலில் செருப்பு மாட்டும்போது நேர்ந்தது. ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் காற்றிலுமாக, சுவரில் ஒரு கையை ஊன்றி அப்படியே நின்றுவிட்டாள். அன்று இருபத்தாறு வரை எண்ணினேன்.

மருத்துவரிடம் ஓடினோம். அவர் நல்லவர், நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். இது மாத்திரையால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். திடீரென நிறுத்தினால் இதயம் முன்னைவிட மோசமாகத் தடுமாறக்கூடும் என்றார். எவ்வளவு மோசமாக என்று கேட்டேன். அவர் அந்த மாத்திரையைச் சோதித்த ஆய்வின் அறிக்கையைக் கணினித் திரையில் திறந்தார்.

"நிறுத்தினவங்களுக்கு என்ன ஆச்சுன்னு அந்த ஆய்வுல பாக்கலை சார். ஆனா பாக்கலைங்கிறதை நேர்மையா எழுதியிருக்காங்க. எதையும் ஒளிக்கலை," என்று சொல்லி, அறிக்கையை அச்சிட்டு என் கையில் கொடுத்தார்.

பதினான்கு பக்க அறிக்கை. மாத்திரை பயனுள்ளது, பாதுகாப்பானது என்று முதற்பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. பதின்மூன்றாம் பக்கத்தின் அடியில், 'ஆய்வின் வரம்புகள்' என்னும் தலைப்பின்கீழ், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில் ஐந்து வாக்கியங்கள் இருந்தன. 'இவ்வாய்வு ஒரே இடத்தில் நடத்தப்பட்டது. பங்கேற்றோரின் எண்ணிக்கை இருநூற்று நாற்பதே. பின்தொடர்ந்த காலம் குறுகியது. பத்தொன்பது பேர் தொடர்பிலிருந்து விலகினர். மேலும் ஆய்வுகள் தேவை.'

நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவன் நான். பழக்கத்தால் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பேனாவுக்கு வேலையே இல்லை. ஒற்றுப்பிழை இல்லை, ஒருமை பன்மை மயக்கம் இல்லை. பேனாவை மூடிவிட்டு, ஐந்து வாக்கியங்களையும் மீண்டும் முதலிலிருந்து படித்தேன்.

என் மனைவி அறிக்கையை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நான்காம் வாக்கியத்தை இரண்டு முறை படித்தாள்.

"விலகினாங்கன்னா என்னங்க? ஊரை விட்டுப் போனாங்களா, உலகத்தை விட்டுப் போனாங்களா?"

அதை எழுதவில்லை என்றேன்.

"இத்தனை வருஷமா என் சமையல்ல தினமும் ஒரு குத்தம் கண்டுபிடிச்சீங்க. இதுல ஒண்ணும் கெடைக்கலையா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இருவரும் வழக்கத்தைவிடச் சற்று முன்பாகவே சிரிப்பை நிறுத்திக்கொண்டோம்.

என் வகுப்பில் ஒரு மாணவன் மூன்று நாள்கள் தொடர்ந்து வராவிட்டால், பதிவேட்டில் குறி இடுவதோடு என் வேலை முடிந்ததில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்புவேன். ஆள் இல்லாவிட்டால் நானே போவேன். அம்மையா, காய்ச்சலா, தகப்பனோடு சண்டையா என்று தெரிந்துகொண்டு திரும்புவேன். ஐம்பது பேர் கொண்ட வகுப்பையே இப்படித்தான் நடத்தினேன். இருநூற்று நாற்பது பேரைக் கொண்டு ஓர் உயிர்காக்கும் மருந்தைச் சோதித்த அறிஞர்கள் இதைவிடக் குறைவாகச் செய்திருக்கமாட்டார்கள். இடமின்மையால்தான் அறிக்கையில் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரில் சென்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இவ்வாறு எண்ணித்தான் அந்த வெள்ளிக்கிழமை நிறுவனத்துக்குப் போனேன்.

முகப்புக்கூடத்தில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. 'முடிவுகள் பிரிவு: அறை 3' என்றும், 'வரம்புகள் பிரிவு: இரண்டாம் மாடி முழுவதும்' என்றும் எழுதியிருந்தார்கள். என் உள்ளம் குளிர்ந்தது. தங்கள் ஆய்வின் குறைகளை எண்ணிக் கவலைப்படுவதற்கு ஒரு மாடியையே ஒதுக்கியிருக்கிறார்களே என்று வியந்தவாறு படியேறினேன்.

இரண்டாம் மாடியில் சுவர் முழுவதும் மர இழுப்பறைகள். ஒவ்வொன்றின்மேலும் ஒரு சீட்டு: 'ஆள் போதாமை', 'காலம் போதாமை', 'ஒரே இடம்', 'பங்கேற்றோரின் நினைவை நம்பியமை', 'மேலும் ஆய்வுகள் தேவை'. கடைசி இழுப்பறையின் பித்தளைப் பிடி தேய்ந்து வெளுத்திருந்தது. இழுப்பறைகளுக்கு முன்னால் அமர்ந்திருந்த எழுத்தர் அம்மாள், என் கையிலிருந்த அறிக்கையையும் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவையும் பார்த்து, என்னை ஆய்வாளர் என்று எண்ணிவிட்டார்.

"எத்தனை வரம்பு வேணும் சார்? சாதாரணமா அஞ்சு எடுப்பாங்க. ஏழுக்கு மேல போனா படிக்கிறவங்க பயந்துடுவாங்க. மூணுக்குக் கீழ போனா நம்பமாட்டாங்க."

நான் வாய் திறப்பதற்குள், வெள்ளை மேலங்கி அணிந்த ஆய்வாளர் ஒருவர் அவசரமாக உள்ளே வந்தார். அவர் அச்சுக்குக் கொடுக்கவேண்டிய அறிக்கைக்கு வரம்புகள் தேவைப்பட்டன. அம்மாள் மூன்றாம் இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். தாம் இரண்டு மருத்துவமனைகளில் ஆய்வு செய்ததால் 'ஒரே இடம்' பொருந்தாதே என்று அவர் தயங்கினார்.

"அப்ப 'இரண்டே இடங்களில்'னு போட்டுக்கோங்க தம்பி. எத்தனை இடத்துல பண்ணினாலும் 'ஏ' ஒண்ணு சேத்துட்டா வரம்பாயிடும்."

அவர் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, இரத்தத்தை அளக்கும் கருவி பாதி ஆண்டு பழுதாகிக் கிடந்ததையும், அப்போதும் அதைக்கொண்டே அளந்ததையும் சொல்லி, அதற்கு ஏற்ற சீட்டு ஏதேனும் உண்டா என்று கேட்டார்.

"அது வரம்பு இல்ல தம்பி, அது தப்பு. தப்புக்கு நம்மகிட்ட இழுப்பறை இல்ல," என்றார் அம்மாள், கடையில் இல்லாத சரக்கைப் பற்றிச் சொல்லும் இயல்பான குரலில். அவர் நன்றி கூறி, 'மேலும் ஆய்வுகள் தேவை' என்பதில் இரண்டு சீட்டுகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கருவியால் அளக்கப்பட்டவர்கள் யார், அவர்களுக்கு இப்போது என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று நான் கேட்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

என் முறை வந்ததும், நான் ஆய்வாளன் அல்லேன், ஒரு நோயாளியின் கணவன் என்றும், பத்தொன்பது பேரைப் பற்றி அறியவந்தேன் என்றும் கூறினேன். அம்மாளின் கை இழுப்பறைப் பிடியிலேயே நின்றுவிட்டது. அந்த மாடிக்கு நோயாளியின் வீட்டார் எவரும் அதுவரை வந்ததில்லையாம். அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து, வரம்பேற்புக் குழு கூடியிருப்பதாகவும் தலைவரே என்னைப் பார்க்க இசைந்துவிட்டதாகவும் சொன்னார்.

நீண்ட மேசைக்கு அப்பால் ஐவர் கண்களை மூடி அமர்ந்திருந்தனர். ஓர் ஆய்வாளர் கைகளைக் கட்டிக்கொண்டு தம் அறிக்கையின் வரம்புகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் ஐவரும் மதிப்பெண் இட்டனர். எதற்கு மதிப்பெண் என்று பக்கத்திலிருந்த எழுத்தர் அம்மாளிடம் மெல்லக் கேட்டேன். பணிவுக்கு என்றார். அடுத்து வந்தவர் படிக்கும்போது குரல் நடுங்கியது. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குரல் நடுங்கினால், கேட்பவருக்கு அது உண்மையான குறையோ என்ற ஐயம் வந்துவிடும் என்பது குழுவின் கருத்து.

தலைவர் என்னை அன்போடு அமரச்செய்தார். மென்மையான குரலும் மென்மையான விரல்களும் உடையவர். நான் ஆசிரியன் என்று அறிந்ததும் மகிழ்ந்து, தம் பள்ளிக்கால ஆசிரியர்களை நினைவுகூர்ந்தார். அப்போதுதான் தேநீர் வந்தது. பிறகு என் கேள்வியைக் கேட்டேன்: அந்தப் பத்தொன்பது பேரும் உயிரோடு இருக்கிறார்களா?

"ஐயா, அவங்களை நாங்க ஏற்கெனவே ஒப்புக்கிட்டாச்சு," என்றார் தலைவர்.

ஒப்புக்கொண்டதைக் கேட்கவில்லை, அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறேன் என்றேன்.

"அதைத்தான் சொல்றேன். என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியாது, தெரியாதுங்கிறதை எழுதிட்டோம். ஒரு விஷயத்தைத் தெரியாதுன்னு எழுதி, குழுவும் ஏத்துக்கிட்ட பிறகு, அதைப் போய்த் தெரிஞ்சுக்கிட்டா எழுதினது பொய்யாயிடும் இல்லையா? பொய் எழுதுற நிறுவனம் இது இல்லைங்க. நேர்மைதான் எங்க அடித்தளம்."

மற்ற நால்வரும் தலையசைத்தனர். அவர்கள் உயிரோடு இல்லை என்றால், முதற்பக்கத்தில் 'பாதுகாப்பானது' என்று தடித்த எழுத்தில் இருப்பது என்ன ஆகும் என்று கேட்டேன்.

தலைவர் எழுந்து நின்றார். நான் ஒருவனே கேட்கிறேன் என்பதை மறந்து, அரங்கத்தில் பேசுபவர்போலப் பேசினார். வரம்பு என்பது ஆய்வின் பணிவு. பணிவு என்பது அழகு. அழகுக்காக அணிவது உடலை நெருக்கக்கூடாது. அதைப்போலவே வரம்பு முடிவைத் தொடக்கூடாது. முடிவைத் தொடும் வரம்பு வரம்பே அன்று, அது ஒழுக்கக்கேடு. தாம் பொறுப்பேற்ற பன்னிரண்டு ஆண்டுகளில் நாலாயிரம் வரம்புகளை ஏற்றிருப்பதாகவும், அவற்றுள் ஒன்றுகூட எந்த முடிவையும் தொட்டதில்லை என்றும் கூறினார். கூறும்போது அவர் கண் கலங்கியது. நால்வரும் கைதட்டினர். நானும் என்னையறியாமல் இருமுறை தட்டிவிட்டேன். அச்சம் மனிதனை எவ்வளவு பணிவுள்ளவனாக்குகிறது என்பதை அன்று கற்றேன்.

பிறகு அவர் என் மனைவியைப் பற்றி அக்கறையோடு விசாரித்தார். குவளையைப் பற்றியும் செருப்பைப் பற்றியும் சொன்னேன். எண்ணிய எண்ணிக்கைகளையும் சொன்னேன். ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார். என் மனைவி ஆய்வில் பங்கேற்றவர் அல்லர் என்பதால் அவருக்கு நேர்வது எதுவும் நேர்ந்ததாகாது என்று இன்னொருவர் விளக்கினார். விரும்பினால் அவரை இப்போதும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் பரிவோடு சொன்னார்.

"அப்புறம் ஒருவேளை அவங்களால வர முடியாம போச்சுன்னா, இருபதாயிடும். பத்தொன்பதை விட இருபது படிக்க நல்லா இருக்கும்."

அவர் கேலி செய்யவில்லை. அந்த முகத்தில் கேலியின் நிழல்கூட இல்லை. மாணவன் கணக்கைச் சரியாகப் போட்டதைக் கண்ட ஆசிரியனின் மலர்ச்சிதான் இருந்தது. பாதி குடித்த தேநீரை நான் மேசைமேல் தள்ளி வைத்தேன்.

இறுதியாக ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். என் வருகையை மதித்து, அறிக்கையின் அடுத்த பதிப்பில் ஆறாவதாக ஒரு வரம்பைச் சேர்ப்பது என்பது தீர்மானம். வாசகத்தை அங்கேயே எழுதி, பிழை பார்த்துத் தருமாறு என்னிடமே நீட்டினார்கள். 'நோயாளி ஒருவரின் கணவர் ஐயம் எழுப்பினார். அவ்வையம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.' பிழை இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். வேறென்ன சொல்வது?

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு. இழுப்பறைச் சுவரின் கோடியில், ஒரு பலகைத்தட்டின்மேல், எண் காட்டாத பழைய தொலைபேசி ஒன்று இருந்தது. அது அடிக்கத் தொடங்கியது. அங்கே அமர்ந்திருந்த ஆறேழு பேரில் எவரும் தலை நிமிரவில்லை. மணி விடாமல் அடித்தது. யாரும் எடுக்கமாட்டார்களா என்று எழுத்தர் அம்மாளைக் கேட்டேன்.

"அது உங்க கையில இருக்கிற அறிக்கைக்கான ஃபோன் சார். அந்தப் பத்தொன்பதுல ஒருத்தர் வீட்டுல இருந்து. செவ்வாயும் வெள்ளியும் பன்னெண்டு மணிக்குக் கூப்பிடுவாங்க."

"நீங்க எடுக்கிறதில்லையா?"

"எடுத்தா தொடர்புல வந்துடுவாங்களே சார்."

அறுபத்தொன்பது வயதில் நான் ஓடினேன். ஒரு நாற்காலியை இடித்துத் தள்ளி, தட்டை எட்டிப்பிடித்து, ரிசீவரைக் காதில் வைத்தேன். மறுமுனையில் ஒரு பெண்குரல், பக்கத்தில் இருக்கும் யாரிடமோ, "எடுத்துட்டாங்க, யாரோ எடுத்துட்டாங்க," என்றது. பிறகு என்னிடம் பேசியது.

"ஐயா, எங்க வீட்டுக்காரர் அந்த மாத்திரையை ரெண்டா ஆக்கின அன்னைக்கே..."

இணைப்பு அறுந்தது. எழுத்தர் அம்மாளின் விரல் தொலைபேசியின் கொக்கியை அழுத்தியிருந்தது. அவர் கொடியவர் அல்லர். "எனக்கும் வீட்டுல பிள்ளைங்க இருக்கு சார். போயிடுங்க," என்றார்.

அன்னைக்கே என்ன? அன்றே குணமானாரா? அன்றே தண்ணீர்க் குவளையோடு நின்றாரா? நின்றவர் மீண்டும் திரும்பிப் பார்த்தாரா? வீடு வந்து சேரும்வரை பேருந்தில் என் உதடுகள் அந்தப் பாதி வாக்கியத்துக்கு விதவிதமான முடிவுகளைப் பொருத்திப் பார்த்தன. பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறிடம் போய் அமர்ந்தார்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. கருகிய வாடை. அடுப்பில் பால் வைத்த பாத்திரம் வற்றி, கறுத்து, அடி சிவந்து கிடந்தது. என் மனைவி அதன் முன்னால் கரண்டியோடு நின்றிருந்தாள். அழைத்ததும் திரும்பினாள், இப்போதுதான் பாலை வைத்தேன் என்றாள். ஒரு படி பால் வற்றிக் கருகுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். எண்ணுவதற்குத்தான் இந்த முறை வீட்டில் எவரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு முன்பே நிறுவனத்தின் வாயிலில் நின்றேன். காவலர் என்னை உள்ளே விடவில்லை. மேலிடத்து உத்தரவு என்றார். தொலைபேசியையும் அகற்றிவிட்டார்களாம். யாரோ எடுத்துப் பேசியதில் வரம்புக்குச் சேதம் ஏற்பட்டதால், அதைப் பாதுகாப்பதற்காக இணைப்பையே துண்டித்துவிட்டதாக அவர் விளக்கினார். மருத்துவரிடம் போனேன். அவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையோடு கேட்டார். கேட்டுவிட்டு, ஒரு பாதி வாக்கியத்தை நம்பி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ தமக்கு அதிகாரம் இல்லை என்றும், அச்சான அறிக்கை இரண்டு மாத்திரை என்றுதான் சொல்கிறது என்றும் சொன்னார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசியது அன்றுதான் முதன்முறை.

நேற்றுக் காலை என் மனைவி மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்து, மிச்சமிருப்பவற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, ஒண்ணாந்தேதி ஒண்ணு போடணுமா, ரெண்டு போடணுமா, ஒண்ணுமே போடாம விடணுமா? நீங்க எது சொல்றீங்களோ அதைச் செய்றேன்."

நாற்பது ஆண்டுகளாக எவர் என்ன கேட்டாலும் உடனே விடை சொல்லிப் பழகியவன் நான். எழுந்து போய், மூடியிருந்த சன்னலை மீண்டும் ஒருமுறை மூடினேன்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நாளுக்கும் ஏப்ரல் முதல் நாளுக்கும் இடையில் ஐந்து நாள்களே இருக்கும். படிப்பவர்களே, உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம். நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதமும் எழுதவேண்டாம். அதை ஏழாவது வரம்பாகச் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் தெருவில், உங்கள் உறவில், உங்கள் அலுவலகத்தில் இதயத்துக்காக ஒரு புதிய மாத்திரையின் சோதனைக்குப் போய், நடுவில் போகாமல் நின்றுவிட்டவர் எவரேனும் இருந்தால், இன்றே அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். திறப்பவரிடம் என் முகவரியைக் கொடுங்கள், இதழாசிரியரிடம் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் பன்னிரண்டு மணிக்கு அழைத்த அம்மா, இதைப் படிப்பது நீங்களே என்றால், எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அஞ்சலட்டை போதும். இரண்டு மாத்திரை போட்ட அன்றைக்கே உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன ஆயிற்று? சொல்லிவிடுங்கள்.